133 நாள் ஆட்சி: ஹங்கேரியின் 1919 சோவியத் குடியரசு குறித்த கேள்வி பதில்

1919 மார்ச் 21 முதல் ஆகஸ்ட் 1 வரை ஹங்கேரியை ஆண்ட சோவியத் குடியரசைப் பற்றி உறுப்பினர்கள் கேட்டிருந்த கேள்விகளுக்கு என் பதில்கள் கீழே உள்ளன. ஒரே பொருளைத் தொட்ட கேள்விகளை மட்டும் ஒன்றாக இணைத்திருக்கிறேன்.

கேள்வி (வரலாற்று மாணவர்): ரஷ்யாவில் போல்ஷெவிக்குகள் குளிர்கால அரண்மனையைப் பிடித்தார்கள். ஹங்கேரியில் அப்படி ஏதும் நடந்ததாகத் தெரியவில்லை. பிறகு கம்யூனிஸ்டுகள் எப்படி ஒரே நாளில் ஆட்சிக்கு வந்தார்கள்?

பதில்: அரண்மனையைப் பிடிக்க வேண்டிய தேவையே அங்கு எழவில்லை, ஆட்சிப் பொறுப்பு சிறைச்சாலைக்குத் தேடிப் போய்ச் சேர்ந்தது. முதல் உலகப் போரில் தோற்ற ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு சிதறிக்கொண்டிருந்த 1918 அக்டோபர் இறுதியில், தொப்பியில் ஆஸ்டர் மலரைச் செருகிய படைவீரர்களும் தொழிலாளர்களும் புடாபெஸ்ட் தெருக்களில் திரண்டார்கள். போரை எதிர்த்து வந்த பிரபு மிஹாய் காரோயி பிரதமரானார். நவம்பர் 16 அன்று ஹங்கேரி குடியரசாக அறிவிக்கப்பட்டது. காரோயி நேச நாடுகளை மலைபோல் நம்பினார். நாம் சனநாயக நாடாகிவிட்டோம், மன்னர் தொடங்கிய போருக்கு நாம் பொறுப்பல்ல, ஆகவே பிரான்சும் பிரிட்டனும் எல்லை விஷயத்தில் நம்மிடம் நியாயமாக நடந்துகொள்வார்கள் என்று அவர் கணக்குப் போட்டார்.

அந்தக் கணக்கு பொய்த்தது. ருமேனியா, செக்கோஸ்லோவாக்கியா, செர்பியா ஆகிய மூன்று திசைப் படைகளும் போர்நிறுத்தக் கோட்டைத் தாண்டி உள்ளே வந்துகொண்டே இருந்தன. பாரிஸ் அதைத் தடுக்கவில்லை. 1919 மார்ச் 20 அன்று பிரெஞ்சு லெஃப்டினன்ட் கர்னல் விக்ஸ், ஹங்கேரியப் படைகள் கிழக்கே இன்னும் பின்வாங்க வேண்டும், இடையில் ஒரு நடுநிலைப் பகுதி அமையும், மறுநாள் மாலைக்குள் பதில் வேண்டும் என்று கோரும் குறிப்பைக் காரோயியின் கையில் கொடுத்தார். ஏற்றுக்கொண்டால் நாட்டைக் காட்டிக்கொடுத்தவர் என்ற பெயர் நிற்கும். மறுத்தால் போர் மூளும். ஜனவரியில் குடியரசுத் தலைவராகியிருந்த காரோயியின் கீழ் இயங்கிய அமைச்சரவை இரண்டில் எதையும் செய்யாமல் பதவி விலகியது.

அப்போது தலைநகரில் அமைப்பு பலத்தோடு இருந்தவர்கள் தொழிற்சங்கங்களைக் கையில் வைத்திருந்த சமூக சனநாயகவாதிகள் மட்டுமே. தனியாக ஆளத் துணியாத அவர்கள், சிறையிலிருந்த கம்யூனிஸ்ட் தலைவர் பேலா குன்னைச் சந்தித்து, இரு கட்சிகளையும் ஒன்றாக்க ஒப்பந்தம் எழுதினார்கள். மேற்கு கைவிட்டது, மாஸ்கோவாவது துணைக்கு வரட்டும் என்பதுதான் அந்த ஒப்பந்தத்துக்குப் பின்னிருந்த எண்ணம். மார்ச் 21 அன்று புரட்சிகர ஆட்சிமன்றம் பதவியேற்றது. என்னைக் கேட்டால், இந்த ஆட்சியின் பிறப்பும் சாவும் இந்த ஒரு செய்தியில் அடங்கிவிடுகின்றன: வர்க்கப் போராட்டம் முற்றி அது பிறக்கவில்லை, எல்லை பறிபோகிறதே என்ற ஆத்திரத்தில் பிறந்தது. பின்னால் வரும் பல கேள்விகளுக்கும் இதையே திரும்பத் திரும்பச் சுட்ட வேண்டியிருக்கும்.

கேள்வி (ஆசிரியை): பேலா குன் யார்? அவர் ஏன் சிறையில் இருந்தார்?

பதில்: 1886இல் திரான்சில்வேனியாவில் பிறந்த பத்திரிகையாளர். போரில் ரஷ்யர்களிடம் பிடிபட்டு, சைபீரியாவின் தோம்ஸ்க் நகரில் போர்க்கைதியாக இருந்தபோது போல்ஷெவிக்குகளோடு சேர்ந்தார். 1918 நவம்பரில் நாடு திரும்பி, அந்த மாதமே புடாபெஸ்டில் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கினார். வேலையற்றவர்கள், போரிலிருந்து திரும்பி வந்து போக்கிடம் இல்லாத படைவீரர்கள் ஆகியோரிடையே அவருடைய பேச்சு எடுபட்டது.

1919 பிப்ரவரி 20 அன்று சமூக சனநாயகக் கட்சியின் நாளேடான நேப்சவாவின் அலுவலகத்துக்கு முன் கம்யூனிஸ்டுகள் நடத்திய ஆர்ப்பாட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து காவலர்கள் இறந்தார்கள். குன்னும் தோழர்களும் கைதானார்கள். ஆத்திரமடைந்த காவலர்கள் குன்னைச் சிறையில் நையப் புடைத்தார்கள். அதை நேரில் பார்த்த பத்திரிகையாளர் ஒருவர் எழுதிய செய்தி வெளியானதும், அதுவரை அவரை வெறுத்தவர்கள்கூட இரக்கப்படத் தொடங்கினார்கள். கட்சி தொடங்கி நான்கு மாதத்தில் ஒருவர் ஆட்சியைப் பிடிக்கிறார் என்றால், அதில் அந்த அடிக்கும் பங்கு உண்டு.

ஆட்சிமன்றத்தின் தலைவராகப் பெயரளவில் இருந்தவர் ஷாண்டோர் கர்பாய் என்ற சமூக சனநாயகவாதி. கொத்தனாராக இருந்து தொழிற்சங்கத்தின் வழியாக மேலே வந்தவர். குன் வகித்தது வெளியுறவுத் துறை மட்டுமே. ஆனாலும் முடிவெடுத்தவர் அவர்தான் என்பது நாட்டுக்கே தெரியும்.

கேள்வி (அரசியல் அறிவியல் படிப்பவர்): மக்கள் வாக்களித்தார்களா, இல்லை எல்லாமே மேலிருந்து வந்த ஆணைகள்தானா?

பதில்: ஏப்ரல் 7 அன்று மன்றங்களுக்கு, அதாவது சோவியத்துகளுக்கு, தேர்தல் நடந்தது. உழைத்து வாழும் 18 வயது நிரம்பிய ஆண்கள், பெண்கள் அனைவருக்கும் வாக்குரிமை. கூலிக்கு ஆள் வைத்துப் பிழைப்பவர்களுக்கும் மத குருமார்களுக்கும் இல்லை. ஹங்கேரியப் பெண்கள் பெருந்திரளாக வாக்களித்த முதல் தேர்தல் அதுவே. ஆனால் வாக்குச்சீட்டில் இருந்தது ஒரே பட்டியல். மிகச் சில இடங்களில் மக்கள் வேறு பெயர்களைத் தேர்ந்தெடுத்தபோது அந்த முடிவுகள் ஏற்கப்படவில்லை.

கேள்வி (விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்தவர்): ரஷ்யாவில் லெனின் நிலத்தை உழவர்களுக்குக் கொடுத்தார். ஹங்கேரியில் ஏன் கொடுக்கவில்லை? நிலமற்றவர்கள்தானே இந்த ஆட்சிக்கு ஆதரவாக இருந்திருக்க வேண்டும்?

பதில்: இந்த ஆட்சியின் பெரும்பிழை எது என்று கேட்டால் பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் இதைத்தான் சொல்வார்கள், நானும் அவர்கள் கட்சி. ஹங்கேரி அன்று பெரும் பண்ணைகளின் நாடு. சில ஆயிரம் குடும்பங்களும் கத்தோலிக்கத் திருச்சபையும் பரந்த நிலங்களை வைத்திருந்தன. அவற்றைச் சுற்றி, துண்டு நிலம்கூட இல்லாத பண்ணையாட்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். முந்தைய குடியரசில் காரோயியே நிலச்சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்து, 1919 பிப்ரவரியில் காப்போல்னாவில் தம் சொந்தப் பண்ணையைப் பங்கிட்டுத் தொடங்கி வைத்தார். மற்ற ஊர்களில் மக்கள் தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள்.

குன் ஆட்சிக்கு வந்ததும் பங்கீடு நின்றது. ஏப்ரல் தொடக்கத்தில் வந்த ஆணை பெரும், நடுத்தரப் பண்ணைகளை இழப்பீடின்றி அரசுடைமையாக்கியது. நடைமுறையில் 100 ஹோல்டு, அதாவது ஏறத்தாழ 140 ஏக்கருக்கு மேற்பட்ட நிலங்கள் போயின. அப்படி எடுத்த நிலத்தை யாருக்கும் பிரித்துக் கொடுக்காமல், அரசு மேற்பார்வையில் கூட்டுறவுப் பண்ணைகளாக நடத்தினார்கள். துண்டு துண்டாக்கினால் விளைச்சல் குறையும், நகரம் பட்டினி கிடக்கும், உழவன் சிறு முதலாளியாகி நாளை புரட்சிக்கே எதிரியாவான் என்பது அவர்கள் வாதம். காகிதத்தில் அது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் பண்ணையாளின் கண்ணில் பட்டது வேறு. நேற்று வரை பிரபுவின் கணக்குப்பிள்ளையாக இருந்து அவனை விரட்டி வேலை வாங்கிய அதே ஆள், இன்று "உற்பத்தி ஆணையர்" என்ற புதுப் பட்டத்தோடு அதே வரப்பில் நின்று அதே குரலில் வேலை ஏவினான். பண்ணையை நடத்தத் தெரிந்த வேறு ஆள் அரசிடம் இல்லாததால் பழைய மேலாளர்களையே பல இடங்களில் அமர்த்தியிருந்தார்கள். ஆட்சி மாறியதன் அடையாளமாக அந்த உழவனுக்கு என்ன மிஞ்சியது?

லெனினுக்கும் கூட்டுப் பண்ணைதான் இலக்கு. ஆனால் 1917இல் உழவர்கள் தாமே நிலத்தைப் பிரித்துக்கொள்வதை அவர் சட்டமாக்கி, அவர்களைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். குன் ஆசானைவிடத் தூய்மையானவராக இருக்க முயன்றார். இதற்கும் மேலாக மதுவிலக்கு வேறு. திராட்சை பயிரிட்டு ஒயின் காய்ச்சியே வயிறு வளர்த்த ஊர்களில் அந்த ஆணை எப்படி வரவேற்கப்பட்டிருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

கேள்வி (ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்): ஐயா, அந்த ஆட்சி அச்சிட்ட ரூபாய்த் தாளை மக்கள் வாங்க மறுத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். அரசாங்கமே அச்சிட்ட பணத்தை எப்படி மறுக்க முடியும்?

பதில்: சட்டப்படி முடியாது, சந்தையில் முடிந்தது. பேரரசு காலத்தில் அன்றைய நாணயமான கொரோனாவின் தாள்களை வெளியிட்டது வியன்னாவில் தலைமையகம் கொண்ட ஆஸ்திரிய-ஹங்கேரிய வங்கி. அந்தப் பழைய தாள்களை மக்கள் "நீலப் பணம்" என்றார்கள். வியன்னாவிலிருந்து வரத்து நின்றபோது, புடாபெஸ்டில் கைவசம் இருந்த சாதனங்களைக் கொண்டு 25, 200 கொரோனாத் தாள்களை அவசரமாக அச்சிட்டார்கள். அவற்றின் ஒரு பக்கத்தில்தான் அச்சு. திருப்பிப் பார்த்தால் வெறும் வெள்ளை. இதனால் அதற்கு "வெள்ளைப் பணம்" என்று பெயர் வந்தது.

வெள்ளைப் பணத்தை மறுப்பது குற்றம் என்று ஆணை வந்தது. ஆணைக்கு மக்கள் வேறு வழியில் பதில் சொன்னார்கள்: நீலப் பணம் வீட்டு மெத்தைக்குள்ளும் மண்பானைக்குள்ளும் போய் மறைந்தது, வெள்ளைப் பணம் மட்டும் கை மாறிக்கொண்டிருந்தது. கெட்ட பணம் நல்ல பணத்தை விரட்டும் என்ற கிரெஷாம் விதியை வங்கியில் பணியாற்றிய உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தொழிலாளிக்குக் கூலி உயர்ந்தது, ஆனால் கூலி வெள்ளைப் பணத்தில் வந்தது; உழவனோ கோதுமைக்கும் பன்றிக் கொழுப்புக்கும் நீலப் பணம் கேட்டான், இல்லையென்றால் உப்பு, துணி, ஆணி கேட்டான். ஆலைகள் ஆயுதமும் தளவாடமும் செய்துகொண்டிருந்ததால் கிராமத்துக்கு அனுப்ப ஆணிகூடப் போதவில்லை. நேச நாடுகளின் முற்றுகையால் வெளியிலிருந்தும் எதுவும் வரவில்லை. நிலம் கிடைக்காத கோபத்தோடு இதுவும் சேர்ந்தபின், தலைநகருக்கு உணவு கொண்டுவரப் பறிமுதல் குழுக்களை அனுப்புவது தவிர அரசுக்கு வேறு வழி இருக்கவில்லை. குழு போன ஊரெல்லாம் எதிரியானது.

கேள்வி (தொழிற்சங்க உறுப்பினர்): நீங்கள் குறைகளை மட்டுமே அடுக்குகிறீர்கள். தொழிலாளர்களுக்கு அந்த ஆட்சி ஒன்றுமே செய்யவில்லையா?

பதில்: நிறையச் செய்தது, அதை மறைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. எட்டு மணி நேர வேலை, சமூகக் காப்பீடு விரிவாக்கம், இலவசக் கல்வி, வாடகைக் குறைப்பு, நெரிசலான குடியிருப்புகளில் கிடந்த குடும்பங்களுக்குப் பணக்காரர்களின் பெரிய வீடுகளில் அறை ஒதுக்கீடு ஆகியவை அடுத்தடுத்து வந்தன. தொழிலாளர் பிள்ளைகளைப் பாலட்டோன் ஏரிக் கரைக்கு விடுமுறைக்கு அனுப்பினார்கள். அதுவரை அந்தக் கரை வசதி படைத்தவர்களுக்கு உரியதாக இருந்தது. 20 பேருக்கு மேல் வேலை செய்த தொழிற்கூடங்கள் அனைத்தும் அரசுடைமையாயின.

ஆனால் பொருளாதாரத்தை நடத்திய யெனோ வர்காவே பிற்பாடு எழுதிய நூலில், துண்டுக்கூலி முறையை ஒழித்து நேரக்கூலி கொண்டுவந்தபின் ஆலைகளில் வேலை ஒழுங்கு தளர்ந்து உற்பத்தி சரிந்ததை ஒப்புக்கொள்கிறார். அவர் எதிரி முகாமைச் சேர்ந்தவர் அல்லர். நான்கு மாதத்தில், அதுவும் போருக்கு நடுவில், எந்தச் சீர்திருத்தத்துக்கும் பலன் தெரியாது என்பதையும் கூடவே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி (ஓவியக் கலைஞர்): கலைஞர்கள் பலர் இந்த ஆட்சியை ஆதரித்தார்களாமே?

பதில்: ஐரோப்பாவின் சிறந்த மூளைகளில் சில அந்த நான்கு மாதங்கள் அரசுப் பணியில் இருந்தன. மெய்யியலாளர் ஜார்ஜ் லூக்காச் கல்வித் துறையின் துணை ஆணையர், அதாவது துணை அமைச்சர். இசைத் துறைக் குழுவில் பேலா பார்த்தோக், சோல்தான் கோடாய், எர்னோ தோனான்யி மூவரும் இருந்தார்கள். திரைப்படத் தொழிலை முழுமையாக அரசுடைமையாக்கியதில் ஹங்கேரி சோவியத் ரஷ்யாவையே முந்திக்கொண்டது.

ஓவியர் என்பதால் உங்களுக்கு ஒன்றைக் குறிப்பாகச் சொல்கிறேன். ரோபர்ட் பெரேனி வரைந்த "ஆயுதம் ஏந்து! ஆயுதம் ஏந்து!" என்ற சுவரொட்டியைத் தேடிப் பாருங்கள். ஒரு கப்பற்படை வீரர் வாயைப் பிளந்து கத்தியபடி பாய்ந்து ஓடுகிறார். அவர் கையிலுள்ள செங்கொடி தாளின் பெரும்பகுதியை நிறைத்துக்கொண்டு பறக்கிறது. நிறங்கள் மிகக் குறைவு, கோடுகள் அதைவிடக் குறைவு. ஆள் சேர்க்க ஒட்டிய தாள் என்பதை மறந்து பார்த்தாலும் அது நிற்கும். 1969இல் அந்த உருவத்தைப் பெரிய சிலையாகவே வடித்து நிறுத்தினார்கள். 1989க்குப் பிறகு அது புடாபெஸ்டின் புறநகரில் பழைய ஆட்சிச் சிலைகளை வைத்திருக்கும் நினைவுப் பூங்காவுக்குப் போய்விட்டது.

இன்னொரு பக்கமும் உண்டு. 1919 மே தினத்தன்று நகரம் முழுவதும் சிவப்புத் துணி. வீரர் சதுக்கத்திலுள்ள மன்னர்களின் நினைவுச்சின்னத்தையே துணியால் மூடி மறைத்து, நடுவில் மார்க்சின் மாபெரும் உருவத்தை நிறுத்தினார்கள். அதே நாளில் ருமேனியப் படை திசா ஆற்றின் கரைக்கு வந்து சேர்ந்துகொண்டிருந்தது. அந்தத் துணி சட்டை தைக்க உதவியிருக்குமே என்று நினைத்த புடாபெஸ்ட்வாசிகள் இருந்திருப்பார்கள்.

கேள்வி (பொது வாசகர்): நேச நாடுகள் பேச்சுவார்த்தைக்கே வரவில்லையா?

பதில்: வந்தார்கள். வந்தவர் யார் என்பது தமிழ் வாசகர்களுக்குச் சுவையாக இருக்கும்: தென்னாப்பிரிக்காவின் ஜெனரல் ஸ்மட்ஸ். 1913இல் நேட்டால் சுரங்கங்களிலும் கரும்புத் தோட்டங்களிலும் தமிழ் ஒப்பந்தக் கூலிகள் வேலைநிறுத்தம் செய்தபோது எதிர்த்தரப்பில் இருந்தவர். 1914இல் காந்தியோடு உடன்பாடு கண்டவர். தில்லையாடி வள்ளியம்மையின் கதையைப் படித்தவர்களுக்கு அறிமுகமான பெயர். அவர் 1919 ஏப்ரல் 4 அன்று தனி ரயிலில் புடாபெஸ்ட் வந்து, ரயிலைவிட்டுக் கீழே இறங்கி நகருக்குள் போகாமல், பெட்டிக்குள்ளேயே குன்னை வரவழைத்துப் பேசினார். இறங்கிப் போனால் அந்த அரசை அங்கீகரித்ததாகிவிடும் என்ற எச்சரிக்கை.

விக்ஸ் குறிப்பைவிடச் சற்றுத் தாராளமான எல்லைக் கோட்டை ஸ்மட்ஸ் முன்வைத்தார். குன் அதற்கும் மேலாக, 1918 நவம்பரில் பெல்கிரேடில் ஒப்புக்கொண்ட போர்நிறுத்தக் கோட்டுக்கு ருமேனியர்கள் திரும்ப வேண்டும் என்றார். ஸ்மட்ஸ் நன்றி சொல்லி விடைபெற்றார்; ரயில் நகர்ந்துவிட்டது. குன் அன்று இறங்கி வந்திருக்க வேண்டும் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. எல்லையை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்பதற்காகவே ஆட்சிக்கு வந்த அரசு, இரண்டே வாரத்தில் விட்டுக்கொடுத்திருந்தால் ஏப்ரலிலேயே கவிழ்ந்திருக்கும். பன்னிரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 16 அன்று ருமேனியத் தாக்குதல் தொடங்கியது.

கேள்வி (முன்னாள் படைவீரர்): ஹங்கேரியச் செம்படை செக் படைகளை வென்றதாகவும் பிறகு தானாகவே பின்வாங்கியதாகவும் படித்தேன். வென்ற படை ஏன் பின்வாங்கும்?

பதில்: மே தொடக்கத்தில் நிலைமை மிக மோசம். கிழக்கே ருமேனியர்கள் திசா ஆறு வரை வந்துவிட்டார்கள். வடக்கே செக் படை தொழில் நகரமான மிஷ்கோல்ட்ஸைப் பிடித்துவிட்டது. ஆட்சிமன்றம் பதவி விலகுவதைப் பற்றியே விவாதித்தது. அந்த நேரத்தில் புடாபெஸ்ட் ஆலைத் தொழிலாளர்கள் படைப்பிரிவுகளாகத் திரண்டு முன்வந்தார்கள். படையின் தலைவர் வில்மோஷ் போம் என்ற சமூக சனநாயகவாதி. திட்டம் வகுத்தவர் தலைமை அதிகாரி ஔரேல் ஷ்ட்ரோம்ஃபெல்ட். ஷ்ட்ரோம்ஃபெல்ட் பேரரசுப் படையில் பயிற்சி பெற்றவர். அவரைப் போன்ற பழைய அதிகாரிகள் பலர் செங்கொடியின் கீழ் சேர்ந்ததற்குக் காரணம் மார்க்ஸ் அல்லர், பறிபோன மாவட்டங்கள்.

மே மூன்றாம் வாரத்தில் மிஷ்கோல்ட்ஸ் மீட்கப்பட்டது. ருமேனியப் படைக்கும் செக் படைக்கும் இடையே ஆப்பு அடித்தது போலப் பாய்ந்து, ஜூன் 6 அன்று இன்றைய ஸ்லோவாக்கியாவிலுள்ள கோஷிட்சே நகருக்குள் நுழைந்தார்கள். ஜூன் 16 அன்று பிரெஷோவ் நகரில் ஸ்லோவாக் சோவியத் குடியரசு என்று ஒன்று அறிவிக்கப்பட்டது. மூன்றே வாரம் வாழ்ந்தது. போருக்குப் பிறகு எங்கும் தோற்றே பழகிய ஹங்கேரியர்களுக்கு அந்த ஜூன் மாதம் தலைநிமிரக் கிடைத்த ஒரே மாதம்.

அந்த உச்சத்தில்தான் பிரெஞ்சுப் பிரதமர் க்ளெமென்சோவின் குறிப்புகள் வந்தன: வடக்கிலிருந்து பின்வாங்குங்கள், ருமேனியர்கள் திசாவின் கிழக்கே உள்ள ஹங்கேரியப் பகுதியிலிருந்து வெளியேறுவார்கள். படை களைத்திருந்தது, சாப்பாடு இல்லை, உள்நாட்டில் எதிர்ப்புப் பெருகியிருந்தது. ஜூன் 24 அன்று தானூப் ஆற்றில் நின்ற போர்ப்படகுகள் ஆட்சித் தலைவர்கள் தங்கியிருந்த ஓட்டலின் மீதே குண்டு வீசின. 1918இல் ஜெர்மனியோடு செய்த ப்ரெஸ்ட்-லிட்டோவ்ஸ்க் உடன்படிக்கையில் லெனின் செய்தது போல் இடத்தைக் கொடுத்துக் காலத்தை வாங்கலாம் என்று குன் நினைத்தார். ஜூன் 30 அன்று பின்வாங்கல் தொடங்கியது. ஷ்ட்ரோம்ஃபெல்ட் பதவி விலகினார். போமும் விரைவில் விலகினார்.

ருமேனியர்களோ, ஹங்கேரி ஆயுதம் களையும் வரை நகர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். க்ளெமென்சோ அவர்களை வற்புறுத்தவில்லை. ரத்தம் சிந்தி மீட்ட ஊர்களைக் கையெழுத்தில் விட்டுக்கொடுத்த அரசுக்காக இனி ஏன் போராட வேண்டும் என்று வீரர்கள் கேட்டார்கள்; பலர் வீட்டுக்கு நடையைக் கட்டினார்கள். ஜூலை 20 அன்று திசாவைக் கடந்து ருமேனியர்களைத் தாக்கிய கடைசி முயற்சி ஒரு வாரத்துக்குள் சிதறியது. மாத இறுதியில் ருமேனியர்கள் ஆற்றைக் கடந்தார்கள். ஆகஸ்ட் 1 அன்று குன் புடாபெஸ்ட் தொழிலாளர் மன்றத்தில், பாட்டாளி வர்க்கம் தங்களைக் கைவிட்டுவிட்டது என்று குமுறிப் பேசி விலகினார். மறுநாளைக்குள் வியன்னாவுக்கு ரயிலேறிவிட்டார். என் பார்வையில் அந்த ஆட்சி முடிந்த தேதி ஆகஸ்ட் 1 அல்ல, ஜூன் 30.

கேள்வி (இடதுசாரி ஆதரவாளர்): ரஷ்யச் செம்படை ஏன் உதவிக்கு வரவில்லை? லெனின் கைவிட்டுவிட்டாரா?

பதில்: வர விரும்பினார்கள், வர முடியவில்லை. 1919 வசந்தத்தில் உக்ரைனில் இருந்த செம்படை மேற்கே ருமேனியாவை நோக்கி நகரத் திட்டம் இருந்தது. மே மாதத்தில் அந்தப் படையிலேயே தளபதியாக இருந்த கிரிகோரியெவ் கலகம் செய்தார். தெற்கிலிருந்து போல்ஷெவிக்குகளை எதிர்த்த தெனிகினின் வெண்படை முன்னேறியது. அதன்பின் ஹங்கேரியை எட்டும் பேச்சுக்கே இடமில்லை. வானொலித் தந்தி வழியே அறிவுரைதான் வந்தது. சமூக சனநாயகவாதிகளோடு கட்சியைக் கலந்ததில் லெனினுக்குத் தொடக்கம் முதலே ஐயம் இருந்தது. உங்கள் அரசு உண்மையிலேயே கம்யூனிஸ்ட் அரசு என்பதற்கு என்ன உறுதி என்று மார்ச்சிலேயே குன்னைக் கேட்டார்.

கேள்வி (இரு உறுப்பினர்கள்): இந்த ஆட்சியின் அடக்குமுறையான செம்பயங்கரத்தில் எத்தனை பேர் கொல்லப்பட்டார்கள்? யூதர்கள்தான் இந்த ஆட்சியை நடத்தினார்கள் என்று சில இடங்களில் எழுதியிருப்பது உண்மையா?

பதில்: முதல் கேள்விக்கு: சில நூறு பேர்; 300 முதல் 600 வரை கணக்குகள் வேறுபடுகின்றன. தோல் மேலங்கி அணிந்து திரிந்த "லெனின் பையன்கள்" என்ற குழு யோசெஃப் செர்னியின் தலைமையில் இயங்கியது. திபோர் சாமுவேலி தனி ரயிலில் ஊர் ஊராகப் போய், எதிர்ப்புக் கிளம்பிய இடங்களில் உடனடி விசாரணை நடத்தித் தூக்கிலிட்டார். அந்த ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் மரண ரயில். மென்மையான அறிஞர் என்று நாம் நினைக்கும் லூக்காச்சும் போர்முனையில் அரசியல் ஆணையராக இருந்தபோது, போரோஸ்லோ என்ற ஊரில் தப்பியோடிய பிரிவைச் சேர்ந்த எட்டுப் பேரைச் சுடச் செய்ததாக முதுமையில் தாமே சொல்லியிருக்கிறார். இதைச் "சூழ்நிலையின் கட்டாயம்" என்று சொல்லிக் கடந்துபோக நான் தயாராக இல்லை. அதே சமயம், ஜூன் 24 கலகத்தில் பிடிபட்ட ராணுவப் பள்ளி மாணவர்கள், இத்தாலிய அதிகாரி ரோமனெல்லியின் தலையீட்டால் கொல்லப்படாமல் தப்பினார்கள் என்பதும் பதிவில் உள்ளது.

இரண்டாவதற்கு: ஆணையர்களில் பெரும்பாலோர் யூதப் பின்னணியில் பிறந்தவர்கள், குன்னும் அப்படித்தான். ஆனால் மதத்தை எப்போதோ விட்டவர்கள், யூதச் சமூகத்தின் பிரதிநிதிகளாக ஒருபோதும் இருக்காதவர்கள். பறிமுதலுக்கு உள்ளான ஆலை முதலாளிகளிலும் வங்கியாளர்களிலும் யூதர்கள் ஏராளம். செம்பயங்கரத்தில் கொல்லப்பட்டவர்களிலும் யூதர்கள் உண்டு. சில பத்துப் பேரின் பிறப்பைக் காட்டி ஒரு சமூகத்தையே குற்றவாளியாக்கியதன் விளைவு உடனே தெரிந்தது. ருமேனியர்கள் வெளியேறியபின் 1919 நவம்பர் 16 அன்று எதிர்ப்புரட்சிப் படையின் தலைவர் மிக்லோஷ் ஹோர்த்தி வெள்ளைக் குதிரையில் புடாபெஸ்டுக்குள் வந்தார். அதற்கு முன்பும் பின்பும் பால் ப்ரோனாய் போன்ற அதிகாரிகளின் குழுக்கள், கம்யூனிஸ்ட், தொழிற்சங்கவாதி, யூதர் என்று பேதம் பாராமல் கொன்று குவித்தன. அந்த வெண்பயங்கரத்தில் இறந்தவர்கள் ஆயிரத்தைத் தாண்டுவார்கள் என்பதே பல வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு, சிறைப்பட்டவர்கள் பல்லாயிரம். 1920இல் பல்கலைக்கழகங்களில் யூத மாணவர் எண்ணிக்கைக்கு வரம்பு விதித்த சட்டமும் வந்தது.

கேள்வி (வரலாற்று மாணவர், மீண்டும்): நிலத்தைப் பிரித்துக் கொடுத்திருந்தால் ஆட்சி பிழைத்திருக்குமா?

பதில்: கிராமம் இவ்வளவு பகையாகியிருக்காது, படைக்கு ஆள் கூடுதலாகக் கிடைத்திருக்கும். ஆனால் மூன்று பக்கமும் அண்டை நாட்டுப் படைகள், அவற்றுக்குப் பின்னால் பிரான்ஸ், உதவிக்கு வர முடியாத ரஷ்யா. சில மாதங்கள் கூடுதலாக நின்றிருக்கலாம், அவ்வளவே. அதே ஆண்டில் ஜெர்மனியின் பவேரிய சோவியத் குடியரசு ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. 1871இன் பாரிஸ் கம்யூன் 72 நாள். ஹங்கேரியின் 133 நாள் அந்த வரிசையில் நீண்டது.

காரோயிக்கு நேச நாடுகள் கொஞ்சம் இரங்கியிருந்தால் குன்னுக்கு வாய்ப்பே வந்திருக்காது என்ற கேள்வி எனக்கு இன்னும் முக்கியமாகத் தெரிகிறது. 1920 ஜூன் 4 அன்று கையெழுத்தான ட்ரியானோன் உடன்படிக்கை பழைய ஹங்கேரியின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொண்டது; 1.82 கோடியாக இருந்த மக்கள்தொகை 76 லட்சமானது. கம்யூனிஸ்டுகளால்தான் இந்த இழப்பு என்று ஹோர்த்தியின் ஆட்சி கால் நூற்றாண்டு காலம் பாடம் நடத்தியது. ஆனால் அந்த எல்லைகளின் பெரும்பகுதி குன் பதவிக்கு வரும் முன்பே பாரிஸில் வரையப்பட்டுவிட்டது.

கேள்வி (ஆசிரியை, மீண்டும்): குன்னும் மற்றவர்களும் பிற்பாடு என்ன ஆனார்கள்?

பதில்: சாமுவேலி ஆகஸ்ட் 2 அன்று ஆஸ்திரிய எல்லையில் இறந்தார். செர்னியும் அரசியல் காவல்துறையை நடத்திய ஓட்டோ கோர்வினும் அந்த டிசம்பரில் தூக்கிலிடப்பட்டார்கள். கர்பாய் நாடு திரும்பாமல் பாரிஸில் காலமானார். வர்கா மாஸ்கோவில் புகழ்பெற்ற பொருளியல் அறிஞரானார். குன்னும் மாஸ்கோவுக்குப் போய், பல நாட்டுக் கம்யூனிஸ்ட் கட்சிகளின் கூட்டமைப்பான கம்யூனிஸ்ட் அகிலத்தில் உயர் பொறுப்பில் இருந்தார். ஸ்டாலினின் களையெடுப்பில் 1937இல் கைதாகி, 1938 ஆகஸ்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். வெண்பயங்கரத்துக்குத் தப்பி மாஸ்கோவில் அடைக்கலம் புகுந்த 1919 தலைவர்கள் பலருக்கும் அதே கதிதான்.

1919இல் வணிகத் துறையின் துணை ஆணையராக இருந்த மாத்யாஷ் ராகோஷி ஒரு விதிவிலக்கு. கட்சியை ரகசியமாகக் கட்ட நாடு திரும்பி 1925இல் பிடிபட்ட அவர், ஸ்டாலினின் களையெடுப்பு நடந்த ஆண்டுகள் முழுவதும் ஹோர்த்தியின் சிறையில் பத்திரமாக இருந்தார். 1940இல், 1849ஆம் ஆண்டு விடுதலைப் போரில் ரஷ்யர்கள் கைப்பற்றியிருந்த ஹங்கேரியப் படைக்கொடிகளைத் திருப்பிக் கொடுத்து மாஸ்கோ அவரை மீட்டுக்கொண்டது. 1945இல் நாடு திரும்பிய அவர், 1956 வரை கட்சித் தலைவராக இருந்து, 1940களின் இறுதியிலிருந்து ஹங்கேரியை ஆண்டார். முதல் வேலைகளில் ஒன்றாக, பெரும் பண்ணைகளை உழவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதை அவருடைய கட்சி இந்த முறை முழு மூச்சோடு ஆதரித்தது. சில ஆண்டுகளில் அந்த நிலங்களைக் கூட்டுப் பண்ணைக்குள் கட்டாயமாகத் தள்ளியதும் அதே கட்சிதான்.